நான்காம் லைன், கழுவும் பகுதி

நெஞ்சில் ஆறு, கைகால்களில் நான்கு.
குளிர்ந்த பசையோடு ஒட்டுகிறாள் தாதி.
மூச்சைப் பிடிக்கச் சொல்லவில்லை அவள்,
நானாகத்தான் பிடித்துக்கொண்டேன்.
பழைய பழக்கம்.

பாயான் லெப்பாஸில், தொண்ணூற்று நான்கில்,
தொட்டிமேல் குனியும்போதெல்லாம்
மூச்சைப் பிடித்துக்கொள்வோம்.
பலகைகளை முக்கி எடுக்கும் திரவம்
நகப்பூச்சும் அழுகிய வாழைப்பழமும் கலந்து மணக்கும்.
பெயர் என்ன என்று கேட்டதற்கு
சூப்பர்வைசர் ஓர் எண் சொன்னார்,
பீப்பாயில் எழுதியிருந்த எண்.
நாங்கள் அதைத் தண்ணி என்றோம்.

விடியற்காலை ஐந்தே காலுக்குப்
பிறையிலிருந்து பாலம் தாண்டும் பஸ்.
அந்த வருடம் லைனில் நாலு பேர் வாயும் வயிறுமாக:
நான், ஹயாத்தி, பெக் லான்,
பட்டர்வொர்த்திலிருந்து வரும் அமலோற்பவம்.
கம்பெனி எங்களுக்கு இரக்கப்பட்டு நாற்காலி கொடுத்தது.
நாற்காலியில் உட்கார்ந்தால்
மூக்கு தொட்டிக்குச் சரியான உயரம்.

இடைவேளையில் பிளாஸ்டிக் பையில் கொதிக்கும் தே,
வாயைச் சிவப்பு ராஃபியாவால் கட்டி,
கதவுக் கைப்பிடியில் ஆறத் தொங்கும்
நாலு பைகள், நாலு வயிறுகள் போல.

கிளினிக்கில் பிங்க் புத்தகம்.
எடை, சிறுநீரில் சீனி, கால் வீக்கம்.
பிள்ளையின் துடிப்பு நூற்று நாற்பத்திரண்டு, நல்லது.
ஏழாம் மாதம் என் ரத்த அழுத்தம் ஏறியது.
மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி
உப்பைக் குறை என்றார்கள்.
பெற்றால் இறங்கிவிடும் என்றார்கள்.
இறங்கியது.

இரண்டரைக் கிலோவில் மகள்.
எல்லாரும் அவள் விரல்களை எண்ணினார்கள்.
நானும்தான்.
ஒன்றரை மடங்கு ரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருந்த இதயத்துக்கும்
அது நிறைமாதம்தான் என்று
யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்.

ஐம்பத்தைந்து வயதில்,
கொம்தார் மேம்பாலப் படியில்,
கையில் அரைக் கிலோ நெத்திலியோடு நின்றுவிட்டேன்.
யாரோ மார்பின்மேல் ஏறி உட்கார்ந்து
எழுந்து போக மறந்த மாதிரி.

டாக்டருக்கு என் மகள் வயது.
சீனி உண்டா, கொழுப்பு உண்டா,
அப்பாவுக்கு இதய நோய் இருந்ததா?
அப்பா எண்பத்தொரு வயதில்
ரம்புத்தான் மரத்திலிருந்து விழுந்து போனார் என்றேன்.
பிள்ளை சுமந்தபோது அழுத்தம் ஏறியதா என்றும் கேட்டாள்.
முப்பது வருடத்தில் அதைக் கேட்ட முதல் ஆள்.
அதனால் தொட்டியைப் பற்றியும் சொன்னேன்.
பேனாவை வைத்துவிட்டுக் கேட்டாள்.

அதுதான் காரணமா?

முங்கின், என்றாள்.
இருக்கலாம் என்பதற்கு மலாய்.
இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள், ஆன்ட்டி,
ஒருத்தியின் நெஞ்சை வைத்துச் சொல்ல முடியாது.

ஒருத்தியா?
ஹயாத்தி போய்ப் பதின்மூன்று வருடம்,
தொழுகை விரிப்பில், விடியலில்.
பெக் லானுக்கு ஸ்டென்ட் இரண்டு,
இன்னும் மார்க்கெட்டில் கோழி வெட்டுகிறாள்.
அமலோற்பவத்துக்கு ஒன்றுமில்லை.
புக்கிட் மெர்தாஜாம் திருவிழாவில்
என்னைவிட வேகமாக மேடு ஏறுகிறாள்.
அவளையும் கணக்கில் சேர்க்கத்தானே வேண்டும்.
முங்கின்.
சட்டைக்குள் விழுந்த முடி மாதிரி அந்தச் சொல்,
குத்துகிற இடத்தைக் காட்ட முடியவில்லை.

பாரத்தில் வேலை என்று ஒரே ஒரு கோடு.
தாதி ஏற்கெனவே இல்லத்தரசி என்று நிரப்பியிருந்தாள்.
அவளிடம் பேனா வாங்கி
ஓரத்தில் பொடியாக எழுதினேன்:
தொண்ணூற்று ஒன்று முதல் இரண்டாயிரத்து மூன்று வரை.
நான்காம் லைன், கழுவும் பகுதி.
அதில் எட்டு மாதம் வயிற்றில் பிள்ளையோடு.
பீப்பாயின் எண்ணையும் எழுதினேன்.
மகளின் முதல் பல் விழுந்த நாள் மறந்துவிட்டது,
அது மறக்கவில்லை.

தாதி பார்க்காமல்
அதன்மேலேயே முத்திரை குத்தினாள்.
ஊதா மை.
பரவாயில்லை,
சாய்த்துப் பிடித்தால் வாசிக்கலாம்.